எழுத்தெல்லாம் தெரிகிறது, சொல் மட்டும் படிக்க வரவில்லை: வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு நான்கரை வயது. அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்வாள். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் எதைத் தொட்டாலும் பெயர் சொல்கிறாள். ஆனால் "படம்" என்று எழுதிக் காட்டினால் "ப… ட… இம்" என்கிறாள். "சேர்த்துச் சொல்லு" என்றால் இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாக "ப ட இம்!" அதற்கு மேல் நகரவில்லை.

மாமியார் தினமும் ஒரு பக்கம் எழுத வைக்கச் சொல்கிறார். கணவர், பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள், நீ ஏன் அவசரப்படுகிறாய் என்கிறார். பென்சிலை முழுக் கையால் கரண்டி பிடிப்பதுபோலப் பிடிக்கிறாள். நான்கு எழுத்து எழுதியதும் கை வலிக்கிறது என்று எழுந்துவிடுகிறாள்.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டுமா? எழுதுவதை இப்போதே தொடங்கலாமா? ஆங்கிலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சிலேட்டுக்குச்சி:

முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகளிடம் எந்தக் குறையும் இல்லை அம்மா. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். ம் என்ற எழுத்தின் பெயர் "இம்" என்று பழக்கியிருக்கிறோம். சொல்லுக்குள் வரும்போதும் அவள் அந்தப் பெயரையே சொல்கிறாள். பழைய திண்ணைப் பள்ளி முறையில் "பானா, மானா" என்று சொல்லிப் பழகிய பிள்ளைகள் மரத்தை "மானா ரானா இம்" என்று படித்த கதையும் உண்டு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முன்னால் இருக்கும் எழுத்தோடுதான் ஒட்டும். அதனால் ம் என்பதைத் தனியாகக் காட்டாதீர்கள். டம், பம், கம், மம் என்று இரண்டிரண்டாகக் காட்டுங்கள். பட்டம் என்ற சொல்லை ப-ட்-ட-ம் என்று நான்காக உடைக்காமல் பட்-டம் என்று இரண்டாக உடையுங்கள். சொல்லை எழுதி, ப, ட் இரண்டின் கீழும் ஒரே வளைவு போடுங்கள். ட, ம் இரண்டின் கீழும் இன்னொரு வளைவு. ஒரு வளைவுக்கு ஒரு கைத்தட்டு. பட்-டம். வட்-டம். பக்-கம். ஒரு வாரம் இப்படிப் போனால் "இம்" தானாக உதிர்ந்துவிடும்.

அடுத்தது வரிசை. 247 முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போவது என்பது வேண்டவே வேண்டாம். அ எழுதுவதற்குக் கடினமான எழுத்து. இ அதைவிட மோசம். நாங்கள் ட, ப, ம என்று தொடங்குவோம். எல்லாம் நேர்கோடும் சிறு வளைவும்தான். இந்த மூன்றை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று படிக்கலாம். ர சேர்த்தால் மரம். வ சேர்த்தால் வட்டம், வரம். க சேர்த்தால் பக்கம், கட்டம், கம்பம். ல சேர்த்தால் பலம் (இன்னொரு சொல்லும் வரும், அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து ஒரு வாரம் சிரிப்பார்கள்).

பிறகு துணைக்கால். அ, த இரண்டையும் அதோடு கொடுத்தால் அப்பா, அம்மா, தாத்தா, மாமா, பாடம், காகம் எல்லாம் கைக்கு வந்துவிடும். அப்புறம் இகரக் கொக்கி: பாட்டி, தம்பி, படி, மடி. உகரத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அது ஒரே அடையாளமாக வராது. சு, பு, வு ஒரு மாதிரி. கு, டு, மு இன்னொரு மாதிரி. து, நு, லு, று வேறு மாதிரி. பெரியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.


பாதிராத்திரி_வாசகர்:

டீச்சர் சொல்வதைத் தலைவணங்கி ஏற்கிறேன், ஆனாலும் ஒரு கேள்வி. நாம் எல்லோரும் "க கா கி கீ" என்று கத்தித்தானே படித்தோம்? வாசிக்க வராமலா போய்விட்டது? அந்த அட்டையின் அழகே அதன் ஒழுங்குதான். ஒரு வரிசை பிடிபட்டால் 18 வரிசையும் பிடிபட்டுவிடும். அந்த ஒழுங்கைப் பிள்ளைக்குக் காட்டாமல் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பொறுக்கிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.


சிலேட்டுக்குச்சி:

வாசிக்க வந்தவர்கள்தான் இங்கே வந்து "எனக்கு வந்ததே" என்று எழுதுகிறார்கள் தம்பி. அதே வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து கத்தி, புத்தகத்தைத் திறந்தால் விழித்தவர்களை நான் வருடாவருடம் பார்த்திருக்கிறேன். பாட்டு மனப்பாடம், எழுத்து அடையாளம் தெரியாது. விரலை வைத்து "கே எங்கே?" என்று கேட்டால், க-விலிருந்து பாடிக்கொண்டே வந்து எட்டாவதில் நிற்பார்கள்.

அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பது ஐம்பது எழுத்து தெரிந்த பிறகு காட்டினால் "ஓ, இதெல்லாம் ஒரே குடும்பமா!" என்று அவர்களுக்கே பொறி தட்டும். அந்த நேரத்தில் அட்டை ஒரு வரம். முதலிலேயே காட்டினால் அது வெறும் சுவர்ப்படம். அதிலும் ங வரிசையை நினைத்துப் பாருங்கள். ங் ஒன்றைத் தவிர மற்ற 12-ஐயும் ஒரு பிள்ளை எந்தக் கதையில் சந்திக்கப்போகிறது? ஔகார வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன, இந்த எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. 18-ல் எட்டு! ஆனால் கடையில் விற்கும் படப்புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து "இந்த எழுத்தில் தொடங்கும் படம்" என்று போட்டுவிடுகிறார்கள். ண-வுக்கு என்ன படம் போடுவது? சிலர் ஏதோ வடசொல்லைத் தேடுகிறார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மணி, கிளி, மழை, காற்று என்று சொல்லின் நடுவிலும் கடைசியிலும் காட்ட வேண்டிய எழுத்துகள் அவை.


ஒலிவடிவம்:

மொழிக் கல்வியில் ஆய்வு செய்கிறேன், கொஞ்சம் கோட்பாடு பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்திய எழுத்துமுறைகளில் வாசிப்பு எப்படி வளர்கிறது என்பது பற்றி சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை ஓரிரு வருடத்தில் முடித்துவிடுவதுபோல இங்கே முடியாது, எழுத்து முழுவதும் பிடிபட ஆரம்பப் பள்ளியில் பல வருடம் ஆகும் என்பது அதன் முக்கியமான செய்தி. அசையைப் பிரித்துக் கேட்கும் திறன் குழந்தைக்கு முதலில் வருகிறது. ஓர் அசைக்குள் இருக்கும் மெய்யையும் உயிரையும் தனித்தனியாகக் கேட்பது மெதுவாகத்தான் வருகிறது. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறை, டீச்சர் அனுபவத்தில் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. நான்கரை வயதில் க் + ஆ = கா என்று கணக்குப் போட்டுக் காட்டுவது வீண். கா என்பது அவளுக்கு ஒரே ஒலி.

ஆகவே காதுக்கு விளையாட்டு கொடுங்கள். பெயரில் எத்தனை தட்டு? "தாத்தா"-வில் முதல் தட்டை மறைத்தால் என்ன மிச்சம்? "மாடு"-வில் மா-வை எடுத்துவிட்டு வீ போட்டால்? கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கும் விளையாட்டும் நன்றாக வேலை செய்யும். எழுத்தே தேவையில்லை, பென்சில் தேவையில்லை, குளிக்க வைக்கும்போதுகூட விளையாடலாம். பள்ளியில் சேர்ந்த பிறகு வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு அடியில் இருப்பது இந்தக் காதுப் பயிற்சிக் குறைதான்.


விரல்நுனி:

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பென்சில் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

முழுக் கையால் பிடிப்பது சிறு குழந்தைகளுக்கு இயல்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிப்பது பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் படியும். நான்கரையில் இன்னும் வரவில்லை என்றால் திட்டித் திருத்த வேண்டாம், பென்சிலின் நீளத்தைக் குறையுங்கள். சிரிப்பு வேண்டாம், உண்மையாகவே. கட்டைவிரல் நீளத்துக்கு உடைத்த சாக்பீஸ் துண்டையோ கிரேயான் துண்டையோ கொடுத்தால் முழுக் கையால் பிடிக்க இடமே இருக்காது. விரல் நுனிகள்தான் பிடித்தாக வேண்டும். நேராக நிற்கும் பலகையில் அல்லது கதவில் ஒட்டிய தாளில் எழுத விடுங்கள். மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து சரியான நிலைக்கு வரும்.

கை எழுத்துக்குத் தயாரா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: நீங்கள் வரைவதைப் பார்த்து அவள் என்ன வரைகிறாள்? வட்டம் 3 வயது வாக்கில் வரும். கூட்டல் குறி 4 வாக்கில். சதுரம் அதற்குச் சற்றுப் பின்னால். முக்கோணம் 5 வாக்கில். சாய்கோடு வராத கையிடம் ழ எழுதச் சொன்னால் கை வலிக்கத்தான் செய்யும். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை.

தினம் ஒரு பக்கம் என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. பத்தாவது வரியில் அவள் எழுதுவது எழுத்தே இல்லை, களைப்பு. முதல் வரியில் சரியாக வந்த சுழி கடைசி வரியில் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் பாருங்கள். தப்பான அசைவைத்தான் கை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். பெரிதாக ஐந்து எழுத்து, அதில் "எது உனக்குப் பிடிச்சிருக்கு?" என்று அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள். போதும்.


நிலாமுற்றம்:

மிக்க நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. பட்-டம் என்று வளைவு போட்டுப் பார்த்தேன். "பட்" சரியாகச் சொன்னாள், "டம்" என்றதும் டம் டம் டம் என்று கூடத்தைச் சுற்றி ஓடிவிட்டாள். படித்தாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

புள்ளிக் கோட்டின் மேல் எழுதும் பயிற்சிப் புத்தகங்கள் நிறைய வைத்திருக்கிறோம். டேப்லெட்டில் விரலால் எழுத்தைத் தேய்க்கும் செயலியும் இருக்கிறது. அவை உதவுமா?


விரல்நுனி:

கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள். சில எழுத்துகளைத் தாங்களே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வாசிப்புக்குப் பயன்படும் பகுதிகள் கையால் தாங்களாகவே எழுதிய எழுத்துகளுக்குத்தான் விழித்துக்கொண்டன. இத்தனைக்கும் குழந்தைகள் தாமாக எழுதியவை கோணல்மாணலாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கோணலில்தான் விஷயமே இருக்கிறது: ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி எழுதும்போது எது மாறலாம், எது மாறக் கூடாது என்று மூளை கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

புள்ளிக் கோட்டில் பிள்ளையின் கண் அடுத்த புள்ளியைத்தான் தேடும், எழுத்தைப் பார்க்காது. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று காட்ட ஓரிரு முறை பயன்படுத்தலாம். பிறகு மூடிவைத்துவிட்டு "இப்போ நீயே எழுது". மணலிலோ மாவிலோ ஆள்காட்டி விரலால் எழுதுவதும் நல்லது. மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டித் தடவ விட்டது நூறு வருடத்துக்கும் பழைய யோசனை, இன்றும் அதைவிட மலிவான கருவி வரவில்லை.


கதைசொல்லி_அப்பா:

எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கதையை யாரும் தொடவில்லையே!

எழுத்தை ஒலியாக்கத் தெரிந்தால் மட்டும் வாசிப்பு ஆகிவிடாது. கஃப், டன்மர் என்ற இருவர் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் × மொழி புரியும் திறன் = வாசிப்பு. இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். நம் மொழியில் இரண்டாவது பாதிக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. "வந்துட்டான்" என்று பேசும் வீட்டில் வளரும் பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் "வந்துவிட்டான்" என்று இருக்கிறது. "அவங்க" என்று காதில் விழுவது அங்கே "அவர்கள்". வீட்டிலேயே ஒரு முறையும் கேட்டிராத மொழியைப் படி என்றால் எப்படிப் படிக்கும்?

அதனால்தான் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறேன். பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்லாமல், புத்தகத்தில் உள்ளபடியே. என் மகன் மூன்று வயதில் தன் பொம்மையிடம் "புலி மெல்ல மெல்ல நடந்து வந்தது. பிறகு என்ன ஆயிற்று தெரியுமா?" என்று பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் நாங்கள் யாரும் "ஆயிற்று" என்று சொன்னதே கிடையாது. புத்தகம் சொல்லிக்கொடுத்தது.

வாசிக்கும்போது இடையிடையே கேள்வி கேளுங்கள். "இது புலியா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்று மட்டும்தான் பதில் வரும். "புலி ஏன் ஒளிஞ்சுக்குது?" என்று கேட்டால் ஒரு வாக்கியம் வரும். அவள் "பயம்" என்றால் நீங்கள் "ஆமாம், வேட்டைக்காரனைப் பார்த்துப் பயந்துவிட்டது" என்று நீட்டிச் சொல்லுங்கள். வைட்ஹர்ஸ்ட் என்பவர் 1988-ல் இந்த முறையைச் சோதித்து, வெறுமனே வாசித்துக் காட்டியதைவிடக் குழந்தைகளின் பேச்சு நன்றாக வளர்ந்ததைக் காட்டினார். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அலுப்பு நமக்குத்தான்.


பாதிராத்திரி_வாசகர்:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. தூங்கும் நேரத்தில் எழுத்துத் தமிழில் வாசித்தால் என் பெண் "இது செய்தி மாதிரி இருக்கு, நீ கதை சொல்லு" என்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழில் சொன்னால்தான் கதையில் ஒட்டுகிறது. புத்தகமே பேச்சுத் தமிழில் வந்தால் என்ன குறைந்துவிடும்?


கதைசொல்லி_அப்பா:

இரண்டும் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. முதல் முறை படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிறகு அடுத்த நாள் உள்ளபடி வாசியுங்கள். அப்போது செய்தி மாதிரி இருக்காது. குரலையும் கொஞ்சம் கவனியுங்கள், பலர் எழுத்துத் தமிழ் என்றாலே செய்தி வாசிப்பவர் குரலுக்குப் போய்விடுகிறார்கள்!

பேச்சுத் தமிழுக்கு நான் தரும் இடம் வேறு. பிள்ளை தன் படத்தைக் காட்டி "இது அம்மா, கோவமா இருக்காங்க" என்றால் அதை அப்படியே, அந்தச் சொற்களிலேயே படத்துக்குக் கீழே எழுதிக் கொடுங்கள். திருத்தாதீர்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எழுத்து எதற்கு என்று பிள்ளைக்குப் புரிகிறது.


சிலேட்டுக்குச்சி:

இந்த ஒன்றில் நான் உங்களோடு இல்லை தம்பி. வாயால் எதுவும் சொல்லட்டும், தாளில் "கோபமாக இருக்கிறார்" என்றே எழுதுவேன். கண் முதலில் பார்த்த உருவத்தைப் பிறகு மாற்றுவது பெரும் பாடு. இரண்டாம் வகுப்பில் "இருக்காங்க" என்று எழுதிய பிள்ளைகளைத் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்தது.


ஒலிவடிவம்:

சிவப்பு மையைக் கொஞ்சம் மிச்சப்படுத்தியிருக்கலாமோ டீச்சர்! நான்கு வயதில் எழுத்து என்பது பேச்சின் பதிவு என்று புரிவதுதான் பெரிய படி. நடை மாறுவது பிறகு, நிறைய வாசிக்க வாசிக்க வரும். என் ஓட்டு கதைசொல்லிக்கு. ஒலிப்படி எழுதும் பருவம் ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, "அம்ம" "பாடி" என்று புள்ளியும் காலும் இல்லாமல் எழுதும். அதில் எத்தனை ஒலியைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.


சிலேட்டுக்குச்சி:

சரி, வீட்டுக்கு வீடு வாசற்படி. பள்ளியில் நான் நான்தான்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை: விட்டுவிட்டால் கோபப்படாதீர்கள். ஓலைச்சுவடிக் காலத்தில் பெரிய பண்டிதர்களே புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பிள்ளைக்கு அந்த வித்தை தெரியாதே, அதனால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "அம்ம"-வை "அம்ம" என்றே நீங்கள் படித்துக் காட்டினால் அவளே சிரித்துக்கொண்டு கால் போடுவாள்.


வெளிநாட்டு_வாத்தியார்:

தமிழ் வெளியில் காதில் விழாத நாட்டில் வார இறுதி வகுப்பு எடுக்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பின்குறிப்பு. உங்கள் பிள்ளைகள் "காகம்" என்பதில் முதல் க-வும் நடு க-வும் வேறு வேறு ஒலி என்று யாரும் சொல்லாமலே சரியாகப் படித்துவிடும், ஏனென்றால் சொல் ஏற்கெனவே தெரியும். எங்கள் பிள்ளைகள் காகத்தை அழுத்தமாக "காக்கம்" என்றுதான் படிப்பார்கள். ப, ச, ட, த எல்லாவற்றுக்கும் இதே கதை. விதி சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம், பலனில்லை. சொல்லை முதலில் காதில் போட்டு, விளையாடி, பேச வைத்து, அதன் பிறகே எழுத்தில் காட்டினால் வந்துவிடுகிறது. தெரியாத சொல்லைப் படிக்கக் கொடுப்பதே இல்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

எனக்கு உண்மையான தலைவலி ன, ண, ந. அப்புறம் ல, ள, ழ. அவற்றுக்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.


சிலேட்டுக்குச்சி:

மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வித்தியாசம் பார்" என்றால் காலத்துக்கும் குழப்பம்தான். ஒன்று உறுதியாகி, சில வாரம் கழித்து அடுத்தது. "ரெண்டு சுழி, மூணு சுழி" என்பதையும் நான் சொல்வதில்லை. நம் முன்னோர் வைத்த பெயரே பாடம்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட-வுக்கு முன்னால் வருவது ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். கண்டு, கன்று, பந்து. மூன்று சொல்லையும் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். சொல்லின் முதலில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், ந-தான். பாதிக் குழப்பம் இதிலேயே போய்விடும்.

ல, ள, ழ-வுக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை. நாக்கு மடிந்தால்தான் எழுத்தும் மடியும். முதலில் உங்கள் உச்சரிப்பைச் சரிபாருங்கள். பழத்தைப் "பளம்" என்று சொல்லிக்கொண்டே ழ எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?


நிலாமுற்றம்:

ஆங்கிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?


ஒலிவடிவம்:

இரண்டு மொழியும் வீட்டில் புழங்கினால் இரண்டையும் வாசித்துக் காட்டலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. படிப்பிக்கும்போது மட்டும் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் போகட்டும். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் நிச்சயம், அதனால் "எழுத்தைச் சேர்த்தால் சொல் வரும்" என்ற நம்பிக்கை சீக்கிரம் வரும். அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். அங்கே எழுத்தின் பெயரை விட்டு ஒலியில் தொடங்குங்கள். "பி" என்று சொல்லாமல் "ப்". இங்கே "இம்" செய்த வேலையை அங்கே எழுத்துப் பெயர் செய்யும்.


கண்ணாடி_எழுத்து:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 6 வயது. ட, க, உ எல்லாவற்றையும் சில நேரம் திருப்பிப் போட்டு எழுதுகிறான், கண்ணாடியில் பார்ப்பதுபோல. உறவினர் ஒருவர் "டிஸ்லெக்சியாவாக இருக்கும்" என்று, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு என்று சொல்லிவிட்டார். தூக்கமே வரவில்லை.


மெல்லக்_கற்போம்:

சிறப்பு ஆசிரியராக இருக்கிறேன். முதலில் தூங்குங்கள். திருப்பி எழுதுவது மட்டும் இருந்தால் அது டிஸ்லெக்சியாவின் அடையாளம் இல்லை. நம் மூளை ஒரு பொருளை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பொருள் என்று அடையாளம் காணப் பழகியது. நாற்காலி இடப்பக்கம் திரும்பினாலும் நாற்காலிதான். எழுத்துக்கு மட்டும் அந்த விதி செல்லாது என்று பிள்ளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. மூளையில் வாசிப்பு எப்படி நடக்கிறது என்று ஆராயும் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7 வயது வாக்கில் இது குறைந்துவிடும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. பேச்சு தாமதமாக வந்ததா? எதுகைச் சொல் விளையாட்டில் (பட்டு, தட்டு, கட்டு) எவ்வளவு விளையாடினாலும் பிடிபடவில்லையா? நேற்று நன்றாகப் படித்த எழுத்து இன்று முற்றிலும் புதிதாகத் தெரிகிறதா, அதுவும் மாதக்கணக்கில்? தெரிந்த பொருள்களின் பெயரைச் சொல்லவே தடுமாறுகிறானா? குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்ததா? இவற்றில் பல சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கும் முன்னால் காது, கண் இரண்டையும் பரிசோதியுங்கள். காதில் நீர் கோத்திருந்ததால் மெல்லொலிகளைப் பிரித்துக் கேட்க முடியாமல் இருந்த பிள்ளைகள் என்னிடம் வந்ததுண்டு.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலும் "இப்போதே ஏதோ கோளாறு" என்ற பயமும் ஒரே அளவு கெடுதல்.


பாதிராத்திரி_வாசகர்:

நிலாமுற்றத்தின் கணவர் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், பாவம், அவருக்கு யாருமே இல்லை. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் செபாஸ்டியன் சுகேட் குழு ஒப்பிட்டு 2013-ல் எழுதியது. 11 வயது வாக்கில் வாசிப்பில் இரண்டு கூட்டமும் சமம். பின்லாந்தில் 7 வயதில்தான் பள்ளியே தொடங்குகிறது. நான்கரையில் படிக்கவில்லை என்றால் குடி முழுகிவிடாது.


கதைசொல்லி_அப்பா:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 7 வயதுப் பிள்ளைகள் அதுவரை சும்மா இருக்கவில்லை. கதை, பாட்டு, பேச்சு, படம் என்று நிறைந்த வருடங்கள் அவை. "பள்ளி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுப்பது வேறு கதை. (உங்கள் கணவரைச் சொல்லவில்லை நிலாமுற்றம்.)


நிலாமுற்றம்:

அவரைச் சொன்னாலும் தப்பில்லை, ஹாஹா. இப்போது தூங்கும் நேர வாசிப்பு அவர் பொறுப்பு. மாமியாரிடம் "பக்கம்" என்பதை "ஐந்து எழுத்து" என்று பேசி முடித்தாயிற்று. அவர் எழுதிக் காட்டும் லை, னா எல்லாம் பழைய வடிவம். பிள்ளை "பாட்டி, இது யானைத் தும்பிக்கையா?" என்று கேட்கிறாள்.

அம்மா, தாத்தா, பாடம், காகம் எல்லாம் படிக்கிறாள். இப்போது மாட்டிக்கொண்டிருப்பது கொம்பில். "செடி" என்று காட்டினால் முன்னால் இருக்கும் கொம்பை முதலில் படிக்கப் பார்த்து "எ… ச… டி" என்கிறாள்.


சிலேட்டுக்குச்சி:

பாட்டி எழுதுவது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். நானும் அப்படிப் படித்தவள்தான். "பாட்டி எழுத்து" என்று தனியாகப் பெயர் வைத்துவிடுங்கள், குழந்தை குழம்பாது, பாட்டிக்கும் மரியாதை.

கொம்புச் சிக்கல் நியாயமானது. கண் இடமிருந்து வலம் போகிறது, ஒலி அப்படிப் போவதில்லை. "செ" முழுவதும் ஒரே அட்டையில் இருக்கட்டும், கொம்பைத் தனியாக வெட்டி ஒட்ட வேண்டாம். ச-வையும் செ-வையும் மாற்றி மாற்றிக் காட்டி அவள் வாயில் வந்த பிறகு கெ, பெ, தெ. எழுதும்போதும் கொம்பு போடுவதற்கு முன்பே "செ" என்று முழு ஒலியையும் சொல்லிவிட்டுத்தான் கை ஓட வேண்டும். இரட்டைக் கொம்பை இப்போது தொடாதீர்கள். அந்தக் காலத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே கொம்புதான், வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் வந்துதான் நெடிலுக்கு மேல் சுழி போட்டுப் பிரித்தார். செடி, பெட்டி, கெண்டி, தெரு என்று ஒற்றைக் கொம்புச் சொற்கள் தடையில்லாமல் வரட்டும், பிறகு சேவல், தேள், மேகம். கொ, கோ அதற்கும் பின்னால்.